செப்புக் குழாயா வயரா

அண்ணையின் கால்களுக்குச் சூடு குளிர் தெரியாமற்போய் மூன்று வருடங்களான பிறகுதான் நாங்கள் காருக்கு ஒயில் மீற்றர் வாங்கினோம். இந்த வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியாமல் நான் நடந்துகொள்ளவில்லை. எல்லாம் தெரிந்துதான் நடந்துகொண்டேன்.

நீரிழிவு எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஐயாவுக்கு இருந்தது, அண்ணைக்கு வந்தது, எனக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கிளினிக்கில் ஒருநாள் தாதி ஒருத்தி அண்ணையைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலோன் நூல் மாதிரி ஒன்றால் அவருடைய உள்ளங்காலில் அங்கங்கே குத்திப் பார்த்தாள். பத்து இடத்தில் குத்தினாள். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்து நூலை மேசையில் வைத்த பிறகு அண்ணை கண்ணை மூடியபடியே, "எப்ப தொடங்கப் போறியள் பிள்ளை?" என்று கேட்டார். தாதி சிரிக்கவில்லை.

"இனி வெறுங்காலோடை ஒரு அடியும் வைக்கக்கூடாது ஐயா," என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொரு நாளும் ஆராவது காலை வடிவாப் பாக்கோணும் அம்மா. இவருக்கு நோகாது. காயத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்கோணும். விட்டால் காலை எடுக்கிறதிலை வந்து முடியும்."

அன்றிலிருந்து அந்த வேலை எனக்கு. பின்னேரம் ஆறு மணியானால் அண்ணை கதிரையில் இருந்து காலை நீட்டுவார். நான் ரோச் லைற்றோடும் ஒரு முகக் கண்ணாடியோடும் முக்காலியைப் போட்டு முன்னால் இருந்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்ப்பேன். "என்ன, புதையல் ஏதும் கிடைச்சுதோ?" என்று அவர் நக்கல் அடிப்பார். நான் அவருடைய பெருவிரலில் ஒரு தட்டுத் தட்டுவேன். அதுவும் அவருக்குத் தெரியாது.

கொக்குவிலில் ஒரே மதிலுக்குள்தான் இரண்டு பேரும் இருக்கிறோம். அண்ணி போய்ச் சேர்ந்து கனகாலம். பிள்ளைகள் இரண்டும் கனடாவில். நான் கல்யாணம் கட்டவில்லை. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, படிப்பிக்க ஆளில்லாமல் அண்ணையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யில்லை. அண்ணை நாற்பது வருடம் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடியவர். கார் எங்கள் ஐயா வாங்கியது. என்னைவிட வயதில் மூத்தது, ஆங்கிலேயர் செய்தது. புது வாகனம் வாங்க வசதியுமில்லை, மனமுமில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், திருநெல்வேலிச் சந்தையில் மூட்டையோடு நிற்பவர்கள் என்று அவருக்கு நிரந்தரமான ஆட்கள் இருந்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. கிளினிக்கில் கொடுத்த தடித்த செருப்பை முற்றத்தில் போடுவார், கோயில் வாசல்வரை போடுவார், காரில் ஏறும்போது கழற்றிச் சீற்றுக்குக் கீழே தள்ளிவிடுவார். ஸ்ரியறிங்குக்கு மேலே முருகன் படம் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பூ வைத்துச் சாம்பிராணி காட்டுவார். எங்கள் பக்கத்து ஹயர்காரர் பலர் அப்படித்தான், வெறுங்காலோடு ஓடுவார்கள். நான் சத்தம் போட்டபோது, "அவருக்கு முன்னாலை செருப்புக் காலை நீட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ?" என்று கேட்டார். நானும் சாமி கும்பிடுகிறவள். வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்த இடங்கள் மிகக் குறைவு. விட்டுக்கொடுக்கக் கூடாத அந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தேன்.

அந்த வருடம் கார் எஞ்சின் கீரிமலைக்குப் போகும் வழியில் உள்ளே தட்டிச் சத்தம் போடத் தொடங்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. பழுது பார்த்த மெக்கானிக் என்னிடம் படித்தவர். இப்போது தலை நரைத்துவிட்டது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். "ஒயில் அழுத்தம் இறங்கினதைக் கவனியாமல் ஓடியிருக்கிறார் ரீச்சர்," என்றார். காரில் ஆதியில் இருந்த மீற்றர் எப்போதோ செத்துப்போய், அந்த ஓட்டையை ஒரு மூடி போட்டு அடைத்திருந்தோம். "இன்னொருக்கா இப்பிடி நடந்தால் எஞ்சின் இறுகிப் போடும். இதுக்கு இனிச் சாமான் எடுக்கேலாது. ஒரு மீற்றர் பூட்டுவம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். விறாந்தை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முகப்பு இரண்டிலும் ஒன்றுதான்: கறுப்புத் தட்டு, வெள்ளை எண்கள், சிவப்பு ஊசி. பின்பக்கம்தான் வித்தியாசம். ஒன்றிலிருந்து மூன்று வயர்கள் தொங்கின. கூடவே பெருவிரல் பருமனில் ஒரு சென்சர். அதை எஞ்சினில் முறுக்கிவிட்டால் அது ஒயிலின் அழுத்தத்தை அறிந்து வயர் வழியாகச் சொல்லும். மற்றதில் வயரே இல்லை. பித்தளைக் குழல் ஒன்று, அதோடு பூட்ட ஒரு சுருள் செப்புக் குழாய். எஞ்சினிலிருந்து ஒயிலே அந்தக் குழாய் வழியாக மீற்றருக்கு வந்து ஊசியைத் தள்ளும்.

"வயர் உள்ளதுதான் நல்லம் ரீச்சர்," என்றார் மெக்கானிக். "வயர் அறுந்தால் ஊசி விழும், அவ்வளவுதான். மற்றது ஒயிலைக் காருக்குள்ளையே கொண்டு வருது. குழாய் விட்டால் கொதி ஒயில் ஓடுறவரின்ரை காலிலை..."

அதோடு நிறுத்திவிட்டு அண்ணையின் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணை மட்டும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செப்புக் குழாயைக் கையில் எடுத்துவிட்டேன். இன்றைக்கு அதற்கு நியாயம் பேச எனக்கு வாயில்லை, ஆனால் அன்றைக்கு இருந்தது. அந்த மீற்றருக்குள் வளைந்த தட்டைக் குழல் ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏற ஏற அது நிமிரப் பார்க்கும், அந்த நிமிர்வுதான் ஊசியைத் திருப்பும். வருடா வருடம் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். ஒருநாளும் கையால் தொட்டதில்லை. முதல் தடவையாக அது என் கையில் இருந்தது. ஆசை வந்துவிட்டது. ஆசைக்குப் பிறகுதான் காரணங்களைத் தேடினேன்.

காரணங்களுக்கா பஞ்சம்? இந்தக் காரில் பற்றறியின் நேர்முனையைத்தான் உடலோடு கட்டியிருக்கிறது, இப்போதைய மீற்றர்கள் அதற்கு எதிர்மாறு, வயரிங்கையே மாற்றவேண்டிவரும் என்றேன். ஊசி விழுந்தால் ஒயில் போனதா வயர் போனதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் தலைமுறைக்குக் கரண்டில் நம்பிக்கை இல்லை. யுத்த காலத்தில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருந்த சனம் நாங்கள். ரேடியோவுக்கு ஒரு பற்றறி எடுக்க முடியாமல் சைக்கிள் டைனமோவை மிதித்துச் செய்தி கேட்டவர்கள். வீட்டில் இப்போது எல்லா அறையிலும் வெளிச்சம் இருக்கிறது, ஆனாலும் மண்ணெண்ணெய் விளக்கை நான் நிரப்பித்தான் வைத்திருக்கிறேன். கரண்ட் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி, எந்த நேரமும் எழும்பிப் போய்விடும் என்ற எண்ணம் போகவில்லை.

"உது பொய் சொல்லாது தம்பி," என்றேன் குழாயை உயர்த்திக் காட்டி. "வயர் சொல்லும்."

"குழாய் வெடிச்சால் ரீச்சர்?"

"வெள்ளைக்காரன் இந்தக் காரைச் செய்யேக்கை என்ன பூட்டினவன்? குழாய்தானே? எழுபது வருசத்திலை ஆரின்ரை கால் வெந்தது, சொல்லும் பாப்பம்!"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "ரீச்சர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார்.

எங்கள் ஊரில் இது ஒரு பழக்கம். படிப்பித்த ஆளுக்கு எதிராக ஒரு தடவை சொல்வார்கள், மரியாதையாக. இரண்டாம் தடவை சொல்லமாட்டார்கள். அவருடைய கை எத்தனையோ எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிய கை. என்னுடையது சோக்கட்டி பிடித்த கை. அப்படியிருந்தும் அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மரியாதையை வகுப்பில் பிரம்போடு நின்று பழக்கியவள் நான்தான்.

அண்ணையிடமும் கேட்டேன், கேட்டதாக இருக்கட்டும் என்று. அவருடைய விரல் வயர் உள்ள மீற்றரின் கண்ணாடியில் இருந்தது. அதை நான் கண்டேன். "உனக்கு எது சரியெண்டு படுதோ அதைப் பூட்டுவம்," என்று அவர் விரலை எடுத்துவிட்டார். நான் காணாத மாதிரி இருந்தேன்.

மெக்கானிக் தன்னால் இயன்றதைச் செய்தார். எஞ்சின் பக்கமாக வரும் குழாய்க்கு ரப்பர் ஹோஸ் ஒன்றை உறையாகப் போட்டார். காருக்குள் வரும் பகுதிக்கும் போடட்டோ என்று கேட்டார். வேண்டாம், செப்பு தெரியட்டும், வடிவாயிருக்கும் என்றேன். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னில் அருவருப்பு வருகிறது.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து மீற்றருக்குச் சந்தனப் பொட்டு வைத்து ஓடத் தொடங்கினோம். காலையில் ஐம்பதில் நிற்கும், எஞ்சின் சூடேறியதும் நாற்பதுக்கு வரும். அண்ணை ஏறுகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். "தங்கச்சி தெரிஞ்செடுத்தது," என்பார். நான் முன் சீற்றில் இருந்தால் ரோட்டைப் பார்ப்பதில்லை, ஊசியைத்தான் பார்ப்பேன். இரண்டு மாதம் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மழை தொடங்கியது. அதோடு கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் நான் விரதம், பாலும் பழமும்தான். விடிய இணுவில் கந்தசுவாமி கோயிலுக்குப் போனால் பின்னேரப் பூசை முடிந்துதான் வருவேன். அண்ணைதான் கொண்டுபோய் விடுவார், திரும்ப வந்து ஏற்றுவார். இடையில் அவருக்கு ஓட்டத்துக்கு ஓட்டம். சஷ்டிக் காலத்தில் ஹயருக்கு ஆள் குறைவதில்லை, சந்நிதிக் கோயிலுக்கும் போவார்கள், மாவிட்டபுரத்துக்கும் போவார்கள்.

முதலாம் நாள் பின்னேரம் நான் கண்ணாடியை எடுத்தேன். "நீ களைச்சுப் போனாய். போய்ப் படு. நான் பாக்கிறன்," என்றார். அவருடைய வலக்கண்ணில் வெண்படலம், மற்றதிலும் கிட்டப் பார்வை மங்கல். தன் காலைத் தானே பார்க்க அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அடுத்த நாள் அவர் சொல்வதற்கு முதலே படுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காருக்குள் ஒரு மணம் வந்தது. பழைய ஒயில் மணம்.

"என்ன அண்ணை மணக்குது?"

"வெறும் வயித்துக்கு எல்லாம் மணக்கும்," என்று அவர் சிரித்தார்.

ஊசி முப்பதுக்குச் சற்றுக் கீழே நின்றது. அதையும் சொன்னேன். மழைக் குளிருக்கு அப்படித்தான் என்றார். குளிருக்கு ஒயில் தடிக்கும், அழுத்தம் கூடுமே தவிரக் குறையாது. இது எனக்குத் தெரியும். அண்ணை சொன்னதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொன்னாலே காதைத் திருகியிருப்பேன். அவருடைய காலுக்குக் கீழே ஒரு பழைய சாரத் துணி மடித்துப் போடப்பட்டிருந்ததையும் கண்டேன். மழைத்தண்ணி ஒழுகுதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிச் சீற்றில் சாய்ந்தேன். எனக்கு முருகனும் பசியும் மட்டும்தான் அப்போது.

சூரன்போர் முடிந்து, மறுநாள் காலையில் பாறணையும் முடிந்தது. ஆறு நாளுக்குப் பிறகு சோறு சாப்பிட்டு, மத்தியானம் நன்றாக நித்திரை கொண்டு எழும்பி, பின்னேரம் கண்ணாடியோடு போனேன். "நாளைக்குப் பாப்பம்," என்றார் அண்ணை. அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"நீட்டுங்கோ," என்றேன்.

இடக்காலை நீட்டினார்.

"மற்றக் கால்."

வலக்காலின் மேற்புறம் முழுக்க மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தது. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தேன். மஞ்சளோடு தோலும் வந்தது. பெருவிரலிலிருந்து நடுக்கால்வரை வெந்து வெளுத்து, ஓரங்கள் கறுத்திருந்தன. விரலிடுக்கில் சீழும் சலமும். இது ஒரு நாளில் வந்ததில்லை. நான் காலைக் கீழே வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் பிழை செய்த பள்ளிப்பிள்ளை மாதிரி முழித்தார்.

காருக்கு ஓடினேன். கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். செப்பு வடிவாகத்தான் மினுங்கியது. மீற்றரின் பின்னால் குழாயைப் பூட்டிய நட்டுக்கு அருகே மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. அதற்கு நேர் கீழே அக்சிலேற்றர். கீழே கிடந்த சாரத்தைத் தூக்கினேன், ஒயிலில் ஊறிப் பாரமாக இருந்தது.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"விரதத்து ரெண்டாம் நாள். முதல் சொட்டுச் சொட்டாத்தான். பிறகு கொஞ்சம் கூட."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ விரதத்தையும் விட்டிட்டு அந்த மெக்கானிக் பெடியனோடை சண்டைக்குப் போவாய். ஆசையா வாங்கின சாமான். சஷ்டி முடியக் கழட்டுவம் எண்டு இருந்தனான்."

"கால் அண்ணை! கால்!"

"சுடேல்லைப் பிள்ளை," என்றார். "சுடாத ஒயில்தானே எண்டு நினைச்சன்."

அவருக்குச் சுடாததை அவர் சூடில்லாதது என்று எடுத்துக்கொண்டார். வேறென்ன செய்வார்? ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து, ஹயர்காரர் கைக் கிறீஸ் கழுவுகிற மாதிரி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவியும் இருக்கிறார். அந்த முக்காலியில் இருந்து நான் வாய்விட்டு அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். எனக்கு அது இன்னும் கோபத்தைத்தான் தந்தது.

மெக்கானிக் அடுத்த நாள் வந்து குழாயைக் கழற்றி, எஞ்சினில் அது பூட்டியிருந்த துவாரத்தை அடைத்தார். செப்பு அதிர்ந்து அதிர்ந்து இறுகி, நட்டடியில் வெடித்திருக்கிறது என்றார். பிறகு, அண்ணையைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் அண்டைக்கு இன்னொருக்காச் சொல்லியிருக்கோணும் ரீச்சர்."

"நீர் சொன்னனீர் தம்பி. நான்தான் கேக்கேல்லை," என்றேன். படிப்பித்த பிள்ளை ஒருவரிடம் என் பிழையை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இரண்டு கிழமை மருந்து கட்டினார்கள். விரல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. முடிவில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. இப்போது அண்ணை வீட்டில்தான் இருக்கிறார், கார் மழைக்குத் தகரத்தின் கீழ் நிற்கிறது. எழுதவேண்டியது சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் நடந்ததைத்தான்.

வார்ட்டில் அண்ணையின் கட்டிலருகே டொக்டர் வந்து நின்றார். இளம் ஆள், பொறுமையாகக் கதைத்தார். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, விரல்களையும் பாதத்தின் முன்பாதியையும் மட்டும் எடுப்பது. குதிக்கால் மிஞ்சும், ஊன்றி நடக்கலாம். ஆனால் கிருமி மேலே ஏறினால் திரும்ப வெட்டவேண்டும், அப்போது முழங்காலும் தப்பாது. மற்றது, இப்போதே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது. "ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ. எதெண்டாலும் கையெழுத்து வேணும்," என்றார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் தீர்மானம் எடுப்பது நான்தான். எந்தச் சட்டை, எந்தப் பள்ளிக்கூடம், பிள்ளைகள் எந்த நாடு என்று கேள்வி முடிவதற்கு முதலே பதில் வைத்திருப்பவள். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார்.

நான் டொக்டரைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ. எனக்குத் தெரியாது," என்றேன்.

அண்ணை டொக்டரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் வெந்தபோதும் விரல்கள் கறுத்தபோதும் சிரித்துக்கொண்டிருந்த மனிதரின் உதடு அப்போதுதான் நடுங்கக் கண்டேன்.

"அவ்வளவு மோசமோ பிள்ளை?" என்று கேட்டார்.